துளையா, இடைவெளியா?

“விதியின் எழுத்தை மீறவில்லை, ஆனால் அதன் உட்கருத்தை மீறிவிட்டார்கள்.” மோட்டார் பந்தயப் பொறியாளர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் கல்விப்புல நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடும் வாக்கியம் இது. சொல்பவர் அறத்தின் பக்கம் அமர்ந்துகொள்கிறார். வண்டியைக் கட்டியவர் குற்றக் கூண்டில் ஏற்றப்படுகிறார். சான்றும் கேட்கப்படுவதில்லை, விசாரணையும் நடப்பதில்லை. இந்த வாக்கியம் தவறானது. பொறியியல் பயிலும் நம் பகுதி மாணவர்களுக்குத் தீங்கும் செய்வது. இதை நிறுவவே இந்தப் பதிவு. நீளமானது. பொறுமை உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

மொழியியல் பயின்ற ஒருவருக்குப் பந்தய வண்டியில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒவ்வொரு பந்தய வண்டியும் ஒரு விதிநூலின் மீது உலோகத்தாலும் கரியிழையாலும் எழுதப்பட்ட உரை. அதன் மீது எழும் வழக்குகளில் பெரும்பாலானவை சொற்பொருள் வழக்குகளே. 2009-ஆம் ஆண்டின் டிஃப்யூசர் வழக்கை எடுத்துக்கொள்வோம்.

டிஃப்யூசர் என்பது பந்தய வண்டியின் அடிப்பகுதி பின்சக்கரங்களுக்கிடையே மேல்நோக்கி விரியும் இடம். வண்டிக்கு அடியில் ஓடும் காற்றை அது விரைவுபடுத்துகிறது. அடியில் அழுத்தம் குறைகிறது. வண்டி தரையோடு ஒட்டிக்கொள்கிறது. 2009-இல் ஃபார்முலா ஒன் விதிகள் அதன் அளவைச் சுருக்கின. கீழிருந்து பார்த்தால் தெரியும் பரப்புகளில் முழுமையாகச் சூழப்பட்ட துளை இருத்தல் கூடாது என்பதும் விதி. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள் அவ்விதியை வேறு அணிகளைவிடக் கூர்ந்து வாசித்தன. வண்டியின் அடிப்பரப்பு ஒரே தளம் அன்று. ஒன்றைவிட மற்றொன்று சற்று உயர்ந்த இரு தளங்கள். ஒரு பரப்பின் நடுவே இடப்பட்டால் அது துளை. இரு பரப்புகளுக்கு நடுவே விடப்பட்டால் அது இடைவெளி. விதி தடுத்தது துளையை. அந்த இடைவெளியின் வழியே காற்றை மேலேற்றி, மேலே இன்னொரு டிஃப்யூசரை அமைத்தார்கள்.

ஃபெராரி, ரெனோ, ரெட் புல் முதலிய அணிகள் மேல்முறையீடு செய்தன. ஆங்கிலம் அறிந்த எவரும் அதைத் துளை என்றே சொல்வர் என்பது ஃபெராரி வழக்கறிஞரின் வாதங்களுள் ஒன்று. ஒரு சொல்லின் பொருளை நிறுவ, அம்மொழியைப் பேசுவோரின் உள்ளுணர்வைச் சான்றாக்கும் இந்த உத்தியை மொழியியல் வகுப்பில் தினமும் காண்கிறோம். 2009 ஏப்ரல் 15 அன்று எஃப்.ஐ.ஏ.வின் பன்னாட்டு மேல்முறையீட்டு மன்றம் அந்த முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிரான் அணியின் ஜென்சன் பட்டன் அவ்வாண்டு உலகப் பட்டம் வென்றார். 2011 முதல் இரட்டை டிஃப்யூசர் செல்லாது என்று விதி திருத்தி எழுதப்பட்டது. அதாவது, விதியை எழுதியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்: மேலும் எழுதினார்கள்.

இதைத் தமிழில் ‘சட்டத்தின் ஓட்டை’ என்கிறோம். ஓட்டை பானையில் விழுவது. அது பானையின் குறை, ஒழுகுவது நம் இழப்பு. நான் வசிக்கும் மீனாட்சிபுரத்தில் தெருவைக் கடந்தால் அதே பொருளுக்கு மலையாளத்தில் ‘பழுது’ என்ற சொல் கிடைக்கும். தமிழில் பழுது என்றால் கேடு, வண்டி பழுதாகும். மலையாளத்தில் பழுது முதன்மையாக ஒரு திறப்பு, ஒரு சந்து. ‘பழுதடைத்த’ சட்டம் என்று அவர்கள் சொன்னால் சந்துகள் அடைக்கப்பட்ட சட்டம் என்று பொருள். தமிழர் காதில் அது சீர்கெட்ட சட்டம் என்று விழும். எல்லையூரில் இந்தத் தடுமாற்றம் நாள்தோறும் நிகழ்வது. ஆங்கிலத்தின் லூப்ஹோல் என்ற சொல்லோ கோட்டைச் சுவரில் அம்பெய்வதற்காகக் கட்டியவர்களே விட்ட குறுகிய சாளரத்தைக் குறித்தது. நம் பழம்பாட்டுகளில் அதற்கு ‘ஏப்புழை’ என்ற சொல் உண்டு: ஏ என்றால் அம்பு, புழை என்றால் துளை. ஓட்டை என்ற உருவகத்திலேயே சிந்திப்பவருக்கு, விதியின் விளிம்பில் நடக்கும் எல்லாமே ஒழுக்கக் கேடாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சொல் நமக்காக முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது.

இனி, இது நம் ஊர்ப் பொருள் எவ்வாறு என்பதற்கு வருகிறேன். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இங்கிருந்து பொள்ளாச்சி வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அந்தத் தடம் சு. கரிவரதனின் நினைவைத் தாங்கியது. 1980-களின் இறுதியில், மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கியவர் அவர். 1995-இல் வான்விபத்தில் மறைந்தார். பின்னர் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவரே. கையில் இருப்பது என்ன, இதைக் கொண்டு எது வரை போகலாம் என்று கேட்ட பட்டறைப் பண்பாடு கோவையுடையது. அந்தத் தடத்தில்தான் ஃபார்முலா பாரத் என்னும் மாணவர் போட்டி நடந்துவருகிறது. பொறியியல் கல்லூரி அணிகள் தாமே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை வண்டிகளைக் கொண்டுவந்து முதலில் தொழில்நுட்பச் சோதனையையும் பின்னர்த் தடத்தையும் எதிர்கொள்கின்றன.

இவ்வகைப் போட்டிகளின் தாய் நூலான அமெரிக்க ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிநூலில் ஒரு வாசகம் உண்டு. ஜெர்மனியில் நடக்கும் ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிநூலிலும் உண்டு. ஒரு விதியின் நோக்கத்தை மீறுவது அவ்விதியையே மீறியதாகக் கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. இதை நோக்க விதி என்று அழைப்போம். நூறு பக்கத்துக்கு மேல் அளவும் தடிமனும் கோணமும் விதித்துவிட்டு, கடைசியில் ‘நாங்கள் எழுதாததையும் மீறக் கூடாது’ என்று ஒரு வரி. என் சண்டை இந்த வரியோடு.

விதிக்குள் சிந்திப்பதென்றால் என்னவென்று பார்க்க, அதே விதிநூலின் மிக எளிய விதியொன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை ஒன்றின் வழியாகவே போக வேண்டும். எத்தனால் கலந்த எரிபொருளானால் 19 மில்லிமீட்டர். பட்டறை வழக்கில் இதை ரெஸ்ட்ரிக்டர் என்பர். எஞ்சினின் கொள்ளளவு 710 சி.சி. வரை போகலாம், ஆனால் மூச்சுக்குழல் நாணயத்தைவிடச் சிறியது. அந்தத் துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்குமேல் ஒரு கிராமும் கூடுதலாகச் செல்லாது. எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் சரி. 20 மில்லிமீட்டர் துளைக்கு அந்த உச்சம் வினாடிக்கு ஏறத்தாழ 75 கிராம். இதை மாற்ற இயற்பியலும் அனுமதிக்காது, விதியும் அனுமதிக்காது.

ஆனால் விதி துளையின் விட்டத்தைத்தான் சொல்கிறது. துளைக்கு முன் குழாய் எவ்வாறு குவிய வேண்டும், துளைக்குப் பின் எந்தக் கோணத்தில் விரிய வேண்டும், அதன்பின் வரும் காற்றுக்கலத்தின் கொள்ளளவு என்ன, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் குழாய்களின் நீளம் எவ்வளவு என்பதையெல்லாம் அணியிடமே விட்டுவிடுகிறது. தட்டையான தகட்டில் துளையிட்டுப் பொருத்தினால் காற்று சுழன்று ஆற்றலை இழக்கும். சில பாகைச் சரிவில் மெல்ல விரியும் குழாயை அமைத்தால் இழந்த அழுத்தத்தின் பெரும்பகுதி மீளும். அந்த 75 கிராம் என்னும் உச்சத்தைக் குறைந்த உறிஞ்சலிலேயே எட்டலாம். ஒரு மாணவர் மூன்றாமாண்டுப் பாய்ம இயக்கவியல் பாடத்தில் மனப்பாடம் செய்ததைத் தம் கையால் தொட்டு உணரும் இடம் இது. விதியை எழுதியவரின் நோக்கம் என்ன? எஞ்சினின் திறனைக் குறைப்பது. மாணவர் செய்வது என்ன? குறைக்கப்பட்ட திறனை இயன்றவரை மீட்பது. நோக்க விதியை நேர்மையாகப் பின்பற்றினால் இந்த மாணவரே முதல் குற்றவாளி! அவரை யாரும் தண்டிப்பதில்லை, பாராட்டுகிறார்கள். அப்படியானால் நோக்க விதி விதியாகச் செயல்படவில்லை. தேவைப்படும்போது மட்டும் உறையிலிருந்து உருவப்படும் வாளாக இருக்கிறது.

இதே ரெஸ்ட்ரிக்டரை வைத்து 1995-இல் டொயோட்டா செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உலக ராலிப் போட்டியில் டர்போவுக்கு 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் கட்டாயம். டொயோட்டாவின் செலிகா வண்டியில் அதைப் பொருத்தும் அமைப்பே ஒரு பொறி. குழாயை இறுக்கிப் பூட்டும்போது ரெஸ்ட்ரிக்டர் தன் இடத்திலிருந்து சற்று விலகி, பக்கவாட்டில் காற்று புகும் வழியைத் திறந்தது. சோதனைக்காகக் கழற்றும்போது சுருள்வில் அதை மீண்டும் மூடிக்கொண்டது. சோதிப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்பெயினின் கத்தலோனிய ராலியில் அகப்பட்டது. அணி 12 மாதம் தடைசெய்யப்பட்டது. அப்போதைய எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லி அதன் நுட்பத்தை வெளிப்படையாக வியந்தார். வியப்பு நியாயமானதே. ஆனால் அது படைப்பூக்கம் மிக்க வாசிப்பு அன்று. அங்கே விதி வாசிக்கப்படவே இல்லை. வாசிக்கப்பட்டது சோதனையாளரின் கண்.

‘விதியோடு விளையாடுகிறவர்கள்’ என்று இவ்விரண்டையும் ஒரே பெயரில் கட்டுவோர்க்கு என் கேள்வி ஒன்றுதான்: செய்ததைச் சோதனையாளரிடம் முழுமையாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகும் அதே வண்டியை ஓட்ட முடியுமா? குவிந்து விரியும் குழாயின் வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டலாம். வடிவமைப்புத் தேர்வில் அதைக் காட்டித்தான் மதிப்பெண் பெறுகிறார்கள். டொயோட்டாவின் சுருள்வில்லைக் காட்டிய நொடியில் அது பயனற்றுப் போகும். 2020-இல் மெர்சிடிஸ் அணியின் டாஸ் என்னும் அமைப்பு, ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தம் பக்கம் இழுத்தால் முன்சக்கரங்களின் கோணம் மாறும்படி செய்தது. அது சஸ்பென்ஷனா, ஸ்டீயரிங்கா என்பதே வழக்கு. ஆஸ்திரியாவில் ரெட் புல் எதிர்ப்புத் தெரிவித்தது; அது ஸ்டீயரிங்கின் பகுதியே என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். மெர்சிடிஸ் அதை முன்பே எஃப்.ஐ.ஏ.விடம் பேசியிருந்தது, 2021-க்கான விதியில் அதற்கு ஏற்கெனவே தடை எழுதப்பட்டுவிட்டது. ஓராண்டுப் பயன், பிறகு திருத்தம், எல்லாம் வெளிச்சத்தில். அதே 2020 பிப்ரவரியில் ஃபெராரியின் எஞ்சின் விவகாரத்தில் எஃப்.ஐ.ஏ. செய்துகொண்ட உடன்பாட்டின் உள்ளடக்கம் இன்றுவரை வெளியிடப்படவில்லை. அதை எதிர்த்து ஏழு அணிகள் கூட்டாகக் குரல் கொடுத்தன. பந்தயத் துறைக்கு இழிவு தேடித் தந்தது இவற்றுள் எது என்பதை உட்கருத்துவாதிகள் சொல்லட்டும்.

பந்தயத்தோடு நின்றால் இது பொழுதுபோக்கு வாதமாகப் போயிருக்கும். 2022 அக்டோபர் 5 இரவு எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னே சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது மோதியது. ஒன்பது பேர் இறந்தனர். பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் சென்றிருந்தது. 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைக்கப்பட்டிருந்தது என்று மோட்டார் வாகனத் துறை கண்டறிந்தது. இது டொயோட்டா செய்ததன் இனம். இதன்பின் கெடுபிடியாக அமலாக்கப்பட்டவற்றுள் ஒன்று சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை நிறத்திலேயே இருக்க வேண்டும் என்ற விதி. படமும் மின்விளக்கும் ஒட்டிய பேருந்துகள் நிறுத்தப்பட்டன. வெளியே தெரியும் அலங்காரமும் உள்ளே மறைக்கப்பட்ட கருவியும் ‘மாற்றியமைத்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால் இதுதான் நடக்கும்: கண்ணுக்குத் தெரிவது முதலில் தண்டிக்கப்படும். வாசிப்பையும் மறைப்பையும் ஒன்றாக்குவதால் ஆதாயம் பெறுபவர் மறைப்பவரே.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும், வலுவானது. “1981-இல் பிரபாம் அணி செய்ததை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?” அவ்வாண்டு வண்டிக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது. ஓடும் வண்டியில் அதை அளக்க வழியில்லை. நின்ற நிலையில்தான் அளந்தார்கள். கோர்டன் மரே நீர்ம-காற்றழுத்தச் சஸ்பென்ஷன் ஒன்றை அமைத்தார். நிற்கும்போது வண்டி 6 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வேகமெடுத்ததும் காற்றே அதை அழுத்தித் தாழ்த்தும். மெதுவாகத் திரும்பி வரும்போது மீண்டும் எழும். நெல்சன் பிக்கே அவ்வாண்டின் உலகப் பட்டத்தை வென்றார். அளக்கும் இடத்தில் மட்டும் சரியாக இருப்பது வேகக் கருவியில் கைவைத்த பேருந்தின் வழியல்லவா?

பாதி ஒப்புக்கொள்வேன். இரண்டும் அளவீட்டின் இடத்தைப் பயன்படுத்துகின்றன. ஆனால் பிரபாம் வண்டி தாழ்வதை அரங்கிலிருந்த எல்லாரும் கண்டார்கள், எதிரணிகள் கண்டார்கள், எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பிறகு தாமும் அதையே செய்தார்கள். விதியை இயற்றியவர்கள் அளக்க முடியாத ஒன்றை விதித்தார்கள் என்பது அன்றே அம்பலமாயிற்று. அம்பலமாவது விதிக்கு நல்லது. வடக்கஞ்சேரிக் கருவி விபத்து நடக்கும்வரை அம்பலமாகவில்லை. இருந்தும், ஓடும் வண்டிக்கு ஒரு விதியும் நிற்கும் வண்டிக்கு ஓர் அளவீடும் இருக்கும் இடங்களில் என் எல்லைக்கோடு மெலிந்துதான் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னோர் எதிர்ப்பு பாதுகாப்பு பற்றியது. 1978 ஜூன் 17 அன்று ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் தடத்தில், அதே மரே வடிவமைத்த பிரபாம் பிடி46பி வண்டியில் நிக்கி லவுடா வென்றார். வண்டியின் பின்னால் பெரிய விசிறி ஒன்று. அது அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வண்டியைத் தரையோடு ஒட்டியது. காற்றியக்கத்தைப் பாதிக்கும் உறுப்பு அசையக் கூடாது என்பது விதி. விசிறியின் முதன்மைப் பணி எஞ்சினைக் குளிர்விப்பதே என்பது அணியின் விடை; அது குளிர்விக்கவும் செய்தது. ஒரு சொல்லின் மேல், ‘முதன்மை’ என்ற ஒரு பெயரடையின் மேல் கட்டிய வண்டி. தடத்தின் தூசியையும் கல்லையும் பின்னால் வருபவர் மீது வீசுகிறது என்று பிற ஓட்டுநர்கள் முறையிட்டார்கள். அது மீண்டும் பந்தயத்துக்கு வரவில்லை. ஆனால் லவுடாவின் வெற்றி பறிக்கப்படவில்லை! ஆபத்து என்றால் நாளையே நிறுத்துங்கள். எழுத்தில் ஆணையிட்டு நிறுத்துங்கள். நேற்று எழுதப்படாத விதிக்கு நேற்றைய வண்டியைத் தண்டிக்காதீர்கள். பாதுகாப்புக்கு நோக்க விதி தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

விசிறியைத் தடுத்த அந்தச் சொற்கள், பொருள் விரிக்கப்பட்டால் எங்கே போய் நிற்கும் என்பதை 2006 காட்டியது. ரெனோ வண்டியின் மூக்குக்குள், சுருள்வில்லில் தொங்கும் ஓர் எடை. வண்டியின் அதிர்வை அது ஆற்றியது. காற்று அதைத் தொடவே இல்லை. வண்டி அதிராமல் ஓடினால் காற்றோட்டம் சீராகும். ஆகவே அந்த எடையும் அசையும் காற்றியக்க உறுப்பே என்றது எஃப்.ஐ.ஏ. ஜெர்மனிப் பந்தயத்தின் நடுவர்கள் அது செல்லும் என்றார்கள். எஃப்.ஐ.ஏ. தன் நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்துத் தானே மேல்முறையீடு செய்து, ஆகஸ்டில் வென்றது. இந்த வாசிப்பின்படி ஓட்டுநரின் எடை, டயரின் காற்று, ஏன், ஓட்டுநரின் அச்சமும்கூட காற்றியக்க உறுப்புதான். நோக்கத்தைக் கொண்டு பொருள் கொள்ளத் தொடங்கினால் சொல்லுக்குக் கரை இருப்பதில்லை.

தமிழ் ஆய்வுலகத்தாருக்கு இது புதியதாக இருக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய உரைகளைப் பயின்றவர்கள் அறிவர்: நூற்பாவில் ஒரு சொல் மிகையாகத் தோன்றினால் உரையாசிரியர் அதை ‘இலேசு’ என்று பற்றிக்கொண்டு, நூற்பா வெளிப்படையாகச் சொல்லாத இலக்கணத்தைப் பெற்றுவிடுவார். சேனாவரையர் இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று குறித்து, பல இடங்களில் மறுக்கிறார். ஆசிரியர் கருத்து இதுவே என்று அவர்கள் சொல்லாமலில்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் நூற்பாவிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் காட்டியாக வேண்டியிருந்தது. ‘இடைவெளி துளை அன்று’ என்ற 2009-இன் வாதத்தைச் சேனாவரையரிடம் கொண்டு சென்றிருந்தால் அவர் உடன்பட்டிருப்பாரோ இல்லையோ, அதை இழிவாகக் கருதியிருக்க மாட்டார்.

‘புறனடை’ இல்லையா என்று யாரேனும் கேட்கக்கூடும். இயலின் இறுதியில், இங்குச் சொல்லப்படாதவை வழக்கில் தோன்றினால் அவற்றையும் சொன்னவற்றோடு பொருத்திக்கொள்க என்னும் வகையில் வரும் நூற்பா. அதுவும் எழுதாததைப் பற்றிய வரிதானே? ஆம். ஆனால் திசை வேறு. புறனடை, மக்கள் ஏற்கெனவே பேசும் வழக்கை இலக்கணத்துக்குள் அழைத்துக்கொள்கிறது. நோக்க விதி, மாணவர் கட்டிய வண்டியை வெளியே தள்ளப் பயன்படுகிறது.

என் துறை சார்ந்த வாதத்துக்கு இப்போது வருகிறேன். எனக்கு இதுவே முதன்மையானது. ஒரு கூற்றில் சொல்லப்பட்டது வேறு, உணர்த்தப்பட்டது வேறு என்று பால் கிரைஸ் பிரித்துக் காட்டினார். சொல்லப்பட்டதை அறிய மொழியறிவு போதும். உணர்த்தப்பட்டதை அறிய, பேசுபவரும் கேட்பவரும் பகிரும் சூழல் வேண்டும்: அவர் யார், எப்போதும் எப்படிப் பேசுவார், எதைச் சொல்லாமல் விடுவார் என்ற பழக்கம் வேண்டும். சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பள்ளி முடித்து, ஆங்கில வழியில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விதிநூலின் எழுத்தை அகராதி வைத்துக்கொண்டாவது அவர் முழுமையாகக் கைப்பற்ற முடியும். பெருநகரக் கல்லூரி மாணவரும் அவரும் அந்த எழுத்தின் முன் சமம். நோக்கமோ எழுத்தில் இல்லை. அது முன்னாள் மாணவர்களின் பேச்சில் இருக்கிறது. நடுவர்களோடு தேநீர் அருந்துபவர்களின் நினைவில் இருக்கிறது. பத்தாண்டுகளாக அணி அனுப்பிவரும் கல்லூரியின் பழைய கோப்புகளில் இருக்கிறது. முதன்முறை வரும் அணிக்கு அது எட்டாது. ‘இதன் நோக்கம் எல்லாருக்கும் தெரியும்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த ‘எல்லாரும்’ யார் என்று கேட்டுப் பாருங்கள். நோக்க விதி உள்வட்டத்தின் சொத்து.

அந்த விதியைத் தாங்குவோர் நல்லெண்ணத்தோடுதான் தாங்குகிறார்கள் என்பதை அறிவேன். மாணவர்கள் சோதனை மேசையில் வழக்கறிஞர்களாக மாறிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. மாறட்டுமே! தன் வண்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் விதியின் எந்தத் தொடர் இடம் தருகிறது என்று எடுத்துச் சொல்லத் தெரிந்த பொறியாளர், பிற்காலத்தில் பாலத்துக்கும் மின்தூக்கிக்கும் தர விதிகளை எழுதும் குழுவில் அமர்வார். இன்று வாசிக்கக் கற்காதவர் அன்று எதை எழுதுவார்?

நம் பந்தயச் சூழலும் வாசிப்புக்கு இடம் தருவதில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினோம்: செலவு, போக்குவரத்து, தேவை. அங்கே ஓடியவை ஒரே தயாரிப்பு வண்டிகள் என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்தியாவின் ஃபார்முலா 4 போட்டியில் எல்லாருக்கும் ஒரே சட்டகம், ஒரே எஞ்சின். செலவு கட்டுக்குள் இருக்கும், ஓட்டுநரின் திறமை தெரியும், நியாயமான காரணங்களே. ஆனால் அங்கே பொறியாளருக்கு விதியை வாசிக்கும் வேலை இல்லை. திருகாணியை எத்தனை சுற்றுத் திருப்புவது என்ற வேலைதான் உண்டு. விதிக்கும் வண்டிக்கும் இடையே சிந்தனை நுழைய இந்நாட்டில் மிஞ்சியிருக்கும் சில இடங்களுள் மாணவர் போட்டியும் ஒன்று. அங்கும் ஒரு வரி எழுதிக் கதவைச் சாத்துவது ஏன்?

பேராசிரியப் பெருமக்களுக்குத் தனியாக ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதன்பின் நம் துறைகளில் நடப்பது எல்லாரும் அறிந்தது. பிறர் எழுதிய பத்தியில் சொற்களை மட்டும் மாற்றி, எண்ணை ஒன்பதுக்குக் கொண்டுவந்து, சான்றிதழோடு ஆய்வேட்டை அளிப்பது. இதைச் செய்பவரும் ‘விதிக்கு உட்பட்டேன்’ என்பார். அவரை மரேயோடு ஒப்பிடுபவர்களும் உண்டு. என் அளவுகோலை இங்கும் வைக்கிறேன். “இந்தப் பத்தி இன்னாருடையது, சொற்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்” என்று வாய்மொழித் தேர்வில் அவர் சொல்லிவிட்டு, அந்த ஏட்டை அப்படியே அளிக்க முடியுமா? முடியாது. ஆகவே அது மறைப்பு. விதியின் குறையும் அங்கே உண்டு: ஒப்புமையை அளக்கும் கருவியைத் திருட்டை அளக்கும் கருவியாகக் கொண்டது அக்குறை. 6 சென்டிமீட்டரை நின்ற வண்டியில் அளந்த அதே பிழை. அதைச் சரிசெய்ய வேண்டியது விதியை எழுதியவர்கள்.

ஆகவே ஃபார்முலா பாரத் நடத்துவோர்க்கும் அணிகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் நான் கேட்பது இதுதான். எழுதாத நோக்கத்தைக் காட்டி எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள். ஐயம் கேட்கும் அணிக்குத் தரும் விடை, அதே நாளில் எல்லா அணிகளுக்கும் எழுத்தில் போய்ச் சேரட்டும். சோதனையில் எதிர்பாராத வண்டி ஒன்று வந்து நின்றால், அது ஆபத்தில்லாதவரை இவ்வாண்டு ஓடட்டும். அடுத்த பதிப்பில் ஒரு தொடரைக் கூட்டி அதைத் தடுங்கள். மறைத்தவர் அகப்பட்டால் மட்டும் எந்த இரக்கமும் வேண்டா.

விதிநூல் மொழியின் கட்டமைப்பைத் தனியே ஆராயும் எண்ணமும் இருக்கிறது. அணிகளில் இருந்த, இருக்கும் மாணவர்கள் தாம் கேட்ட விதி ஐயங்களையும் அவற்றுக்கு வந்த விடைகளையும் உள்பெட்டியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். ஆங்கிலம், தமிழ், மலையாளம் எதிலும் அனுப்பலாம். கேள்வியும் விடையும் சொல் மாறாமல் முழுமையாக வேண்டும். கல்லூரியின் பெயரும் அணியின் பெயரும் வேண்டா.